முன்பாக்கெட் வைத்த பையோடு கோரமண்டலிலிருந்து மாரிக்குப்பம் வரை

கோலார் தங்கவயலில் ஒரு நாள் நடக்கலாம் என்று திட்டமிட்டு இந்தப் பக்கத்துக்கு வந்திருக்கிறீர்கள் என்றால், வழியும் நேரமும் செலவும் இதில் இருக்கின்றன. ஆனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். நடந்து முடித்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. தோளில் கன்றியிருந்த இடம் நீலமாகி, மஞ்சளாகி, இப்போது சரியாகிவிட்டது. கோபம் அப்படியேதான் இருக்கிறது. வழி மட்டும் போதும், திட்டு வேண்டாம் என்பவர்கள் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

பெங்களூரில் ஒரு நடைக்குழு இருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் உத்தராகண்ட் மலையில் ஆறு நாள் நடக்கப் போகிறார்கள். அதில் ஒரே ஒரு இடத்தைப் புதிதாக வருகிற ஒருவருக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள். அந்த இடம் வேண்டுமென்றால், அவர்கள் சொல்கிற ஒரு நாள் நடையை முடிக்க வேண்டும். விதி ஒன்றுதான். பத்து கிலோ பையை நாமே கடைசிவரை சுமக்க வேண்டும். வழியில் ஒரு பொருளை எடுத்து இன்னொருவரிடம் கொடுத்தாலும் இடம் போய்விடும். ஒருவருக்கு மேல் முடித்தால் குழுத் தலைவர் தேர்ந்தெடுப்பார். இந்த வருடத் தேர்வு நடையை எங்கே வைக்கலாம் என்று யோசித்து, எங்கள் தங்கவயலிலேயே வைத்துவிட்டார்கள். போன மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

எனக்குப் பத்தொன்பது வயது. ஒன்பதாவதோடு பள்ளியை விட்டேன். வீடு இங்கே தங்கவயலின் மைசூர் மைன்ஸில், வேலை பெங்களூர் கே.ஆர்.புரத்தில், ஒரு பாத்திரக் கடையில் பில் போடுகிறேன். நான் இதுவரை போனதிலேயே தூரமான இடம் அதே பெங்களூரின் யஷ்வந்த்பூர் ஸ்டேஷன். எங்கள் ஊரில் எல்லோர் வீட்டிலும் தங்கச் சுரங்கத்துக்காகப் பூமிக்குக் கீழே போனவர்கள் உண்டு. எவ்வளவு ஆழத்தில், எத்தனையாவது லெவலில் வேலை செய்தார்கள் என்று பெருமையாகச் சொல்வார்கள். மலை மேலே போனவர் ஒருவரையும் எனக்குத் தெரியாது. நான் போக வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம்.

பையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாமே அதனால்தான்.

எங்கள் கடைக்கு எதிரில் பழைய சாமான் விற்கிற இடத்தில் அது தொங்கிக்கொண்டிருந்தது. சாம்பல் நிறம், நாற்பது லிட்டர் பை. தோள்வார்கள் இரண்டிலும் முன்பக்கம் ஒவ்வொரு பாக்கெட். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் நிற்கிற அளவுக்குப் பெரிய பாக்கெட். அதைப் பார்த்ததும் வாங்கிவிட்டேன். மலைக்குப் போகிற பை எப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்தது மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகிற ரயில்தான்.

எங்கள் ரயிலில் வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பங்காருபேட்டையில் கூட்டம் ஏறியதும் எல்லோரும் பையைக் கழற்றி முன்னால் மாட்டிக்கொள்வார்கள். முதுகில் விட்டுவைத்தால் நாலு பக்கமிருந்தும் குரல் வரும். "பைய முன்னால போடும்மா, மூஞ்சில இடிக்குது பாரு." பெண்களுக்கு அந்த முன்பை வேறு விதத்திலும் உதவும். யாருடைய முழங்கையும் நம்மேல் நேராகப் படாது. இத்தனை வருடமாக அந்தப் பைக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் நான் வேலைக்குப் போய் வருகிறேன். அதனால்தான் அந்த முன்பாக்கெட்டுகளைப் பார்த்ததும், பையை முதுகில் போட்டாலும் முன்னால் ஒரு மறைப்பு இருக்குமே என்று சந்தோஷப்பட்டேன்.

பழகிக்கொள்ளலாம் என்று இரண்டு வாரம் அந்தப் பையோடுதான் வேலைக்குப் போனேன். ரயிலுக்கு ஏற்றபடி அதை மாற்றினேன். சட்டென்று முன்னுக்கும் பின்னுக்கும் திருப்ப வேண்டும் என்பதற்காகத் தோள்வார்களை முழுக்கத் தளர்த்திவிட்டேன். இடுப்பு பெல்ட் பக்கத்தில் நிற்பவர்களின் புடவையிலும் கைப்பையிலும் மாட்டிக்கொண்டது. அதை மடித்து, பைக்கு அடியில் இருந்த இடுக்கில் செருகிவிட்டேன். நெஞ்சுக்குக் குறுக்கே வருகிற சின்ன வாரையும் கோக்காமல் தொங்கவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே நிலையில்தான் பையில் பத்து கிலோவை அடைத்துக்கொண்டு கிளம்பினேன். தண்ணீர் இரண்டு லிட்டரையும் முன்பாக்கெட்டுகளில் வைத்தேன்.

இது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். இனிமேல் வருவதெல்லாம் என் தப்பு இல்லை.

மாரிக்குப்பத்தில் ஏறி கோரமண்டலில் இறங்கினேன். டிக்கெட் பத்து ரூபாய். குழு பெங்களூரிலிருந்து வேனில் வந்து ஸ்டேஷனுக்கு வெளியே நின்றிருந்தது. பதினோரு பேர். இலவச இடத்துக்கு என்னோடு சேர்த்து நாலு பேர் போட்டி. மற்றவர்கள் பழைய உறுப்பினர்கள், சும்மா நடக்க வந்தவர்கள். தலைவர் பெயர் நிஷாந்த். முப்பது வயதிருக்கும், பெங்களூர்த் தமிழர், உயரமானவர். கையில் தொங்குகிற தராசு ஒன்று வைத்திருந்தார். ஒவ்வொரு பையாக மாட்டிப் பார்த்தார். என் பை பத்து கிலோவுக்கு மேல் கொஞ்சம் காட்டியது.

"நீங்க லோக்கலா?"

தலையாட்டினேன்.

"அப்ப உங்களுக்கு ஈஸி. இது உங்க ஏரியா." பிறகு பையை நான் மாட்டியிருந்த விதத்தைப் பார்த்தார். அது என் பின்பக்கத்தில் இடித்துக்கொண்டு தொங்கியது. "என்னங்க இது, எல்கேஜி பையா? இப்படியே நடந்தா அரை மணி நேரத்துல முதுகு போயிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குப் பேச வராதபோது அதுதான் வரும். அவர் இரண்டு தோள்வார்களின் நுனியையும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். கேட்கவில்லை. பை மேலே ஏறியது, அதோடு பாக்கெட்டுகளும் ஏறின. நெஞ்சு வாரைக் கோத்து அதையும் இறுக்கினார்.

"பாக்கெட் நெஞ்சுக்கு நேரா வரணும். தண்ணி கைக்கு எட்டும், பேலன்ஸும் இருக்கும். இதோ என்னைப் பாருங்க." அவர் பையிலும் அதே மாதிரி முன்பாக்கெட்டுகள் இருந்தன. அவருக்கு அவை பலகையில் ஒட்டியது மாதிரி அழகாக உட்கார்ந்திருந்தன. "இப்ப பர்ஃபெக்ட்."

பர்ஃபெக்ட் இல்லை. இரண்டு பாக்கெட்டும், உள்ளே இருந்த ஒரு லிட்டர் பாட்டில்களோடு, என் மார்பின் மேல் சரியாக அழுத்தின. மேலே வார் வேறு இறுக்கிப் பிடித்தது. மூச்சை முழுக்க இழுக்க முடியவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்றால் எந்த இடத்தில் என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லை இங்கே எழுதுவதற்கே நாலு தடவை அழித்து அழித்து எழுதினேன். அந்தக் காலையில், அறிமுகமே இல்லாத பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, எங்கே சொல்வது? தலையாட்டினேன்.

ஏழேகாலுக்கு நடக்கத் தொடங்கினோம். கோரமண்டலிலிருந்து ஊரிகம் வரை வழி எளிது. ரயில் பாதையை ஒட்டின மண்பாதை, பிறகு தார்ச் சாலை. வரிசை வீடுகள், வேலிக்கு அப்பால் மூடிய சுரங்கங்களுக்கு மேல் துருப்பிடித்த ஷாஃப்ட் கோபுரங்கள். வேலிக்குள் யாரும் போகாதீர்கள், எங்கே குழி என்று உள்ளூர்க்காரர்களுக்கே எல்லாம் தெரியாது. காலை வெயில் இதமாக இருந்தது என்று மற்றவர்கள் சொன்னார்கள். எனக்கு அந்த வழியில் நினைவிருப்பது என் பாக்கெட்டுகளின் ஜிப் மட்டும்தான்.

இலவச இடத்துக்கு வந்த நாலு பேரில் ஒருவன், சந்தோஷ் என்று பெயர், நடந்துகொண்டே போனில் வீடியோ எடுத்தான். ஒரு வரிசை வீட்டின் முன்னால் நின்று, "ஃப்ரெண்ட்ஸ், யாருமே இல்லாத ஊர். பேய் ஊர்னு சொல்வாங்க, இதான் அது" என்று பேசிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் கொடியில் நைட்டி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா அப்படியே நின்று கேட்டார்.

"யாருமே இல்லியாமே? அப்ப நான் இன்னா, பேயா?"

சந்தோஷ் போனை இறக்கினான். "இல்ல ஆன்ட்டி, சும்மா..."

"சும்மாவா? இந்தப் பேய் காலீல அஞ்சு மணிக்கி எந்திரிச்சி தண்ணி புடிச்சி வெச்சிக்கீது. ஒரு சொம்பு குடிச்சிட்டுப் போ கண்ணு, வெயிலு ஏறுது."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்க வேண்டும் என்று இருந்தது, ஆனால் மூச்சு இடம் கொடுக்கவில்லை. அந்த அம்மாவுக்கு வந்த வாய் எனக்கு ஏன் வரவில்லை என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. ஒரே ஊர்த் தண்ணீரைத்தான் இரண்டு பேரும் குடிக்கிறோம்.

ஊரிகம் தாண்டியதும் யாரும் பார்க்காதபோது தோள்வார்களைத் தளர்த்தினேன். பாக்கெட்டுகள் கீழே இறங்கின, மூச்சு வந்தது. உடனே பை பின்னால் சாய்ந்து, பத்து கிலோவும் தோளில் தொங்கியது. வார் தோளை அறுத்தது. கழுத்து முன்னால் வளைந்து, மாடு மாதிரி நடந்தேன். அடுத்த நிறுத்தத்தில் நிஷாந்த் பார்த்துவிட்டார். "மறுபடியும் லூஸ் பண்ணிட்டீங்களா? சொன்னா கேக்கணும்" என்று வந்து, பிடித்து, இழுத்து, இறுக்கிவிட்டுப் போனார். கோபமாகச் செய்யவில்லை. உதவி செய்வதாகத்தான் நினைத்தார். அதனால்தான் எனக்கு இன்னும் அதிகமாக எரிந்தது. திட்டியிருந்தால் பதிலுக்கு முகத்தையாவது தூக்கி வைத்துக்கொண்டிருக்கலாம்.

சயனைட் மேட்டை ஒட்டி நடக்கிற பகுதி வெட்டவெளி. தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண், சாம்பல் நிறத்தில் சின்ன மலை மாதிரி நிற்கிறது. மழை அதில் ஆழமான கோடுகள் போட்டிருக்கிறது. படம் எடுக்க அழகாக இருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் காற்றடித்தால் அந்தத் தூசி உங்கள் நெஞ்சுக்குள்தான் போகும். மேலே ஏறாதீர்கள், தள்ளியே நடங்கள், முகத்தைத் துணியால் மூடுங்கள். அன்றைக்குக் காற்றடித்தது. துணியைக் கட்டிக்கொண்டு, இறுக்கிய வாரோடு, பாதி மூச்சில் நடந்தபோது கண் இருட்டியது. ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நிஷாந்த் திரும்பி வந்தார். "முடியலன்னா பரவால்ல. அந்த ரெண்டு பாட்டில என்கிட்ட குடுங்க, ரெண்டு கிலோ குறையும். பொண்ணுங்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான், வெக்கப்பட வேண்டாம்."

பாட்டிலைக் கொடுத்தால் இடம் போய்விடும். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தலையை இல்லையென்று ஆட்டினேன். "பிடிவாதம்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு முன்னால் போனார். எனக்குக் கேட்கிற மாதிரியேதான் சொன்னார்.

அதற்குப் பிறகு சாம்பியன் ரீஃப்ஸ் வரை எப்படி நடந்தேன் என்று கேட்காதீர்கள். மைசூர் மைன்ஸில் எங்கள் வீட்டு வரிசை வழியாகத்தான் இந்த நடை போகிறது என்பதை மட்டும் நினைத்துக்கொண்டே நடந்தேன். அம்மா வாசலில் நிற்பார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் நிற்பார்கள். என் தண்ணீரை வேறொருவர் தூக்கிக்கொண்டு வர, நான் காலிப் பையோடு அந்த வரிசையில் நடக்கமாட்டேன்.

ஒன்பதரை மணிக்கு சாம்பியன் ரீஃப்ஸில் ஒரு டீக்கடையில் நின்றோம். கடைக்கார அக்கா பெயர் சரோஜா. டீ பதினைந்து ரூபாய், மசால் வடை பத்து, இரண்டும் நன்றாக இருக்கும். நான் பையோடுதான் பெஞ்சில் உட்கார்ந்தேன், கழற்றினால் திரும்ப மாட்ட முடியாது என்ற பயம். அதற்குள் வார்களைத் தளர்த்தியிருந்தேன். டீ டம்ளரோடு நிஷாந்த் என் பக்கம் வந்தார்.

"உங்களோட பெரிய தொல்லையா போச்சுங்க" என்று சிரித்துக்கொண்டே தோள்வாருக்குக் கையை நீட்டினார்.

நான் எழுந்து பின்னால் போனேன். "தொடாதீங்க."

காலையிலிருந்து நான் பேசிய முதல் வார்த்தை அது. ரொம்பச் சத்தமாக வந்துவிட்டது. பேசிப் பழகாதவர்களுக்குக் குரலை எங்கே நிறுத்துவது என்று தெரியாது. கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் முகம் சிவந்துபோனது.

"ஹலோ, நான் தப்பா எதுவும்... ஸ்ட்ராப்தான் சரி பண்ண வந்தேன். எங்க வலிக்குதுன்னு சொன்னாத்தானே எனக்குத் தெரியும்?"

எல்லோரும் காத்திருந்தார்கள். எண்ணெயில் வடை மட்டும் சத்தம் போட்டது. இப்போது சொல்லாவிட்டால் இந்த ஆள் மறுபடியும் இழுப்பார், நான் மறுபடியும் தலையாட்டுவேன், அடுத்த மேட்டில் விழுவேன், உத்தராகண்ட் அங்கேயே முடிந்தது. அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"மார்ல அழுத்துது" என்றேன். "பாக்கெட் ரெண்டும் மார்ல அழுத்துது. மூச்சு வுட முடியல. காலீலேர்ந்து."

சரோஜா அக்கா கரண்டியை வைத்தார்.

"அட இவளே, இத்த சொல்றதுக்கா இம்மாம் நேரம்? வலிச்சா வலிக்குதுன்னு சொல்ல இன்னாத்துக்குடி நல்ல நாளு பாக்குற?" பிறகு நிஷாந்த் பக்கம் திரும்பினார். "நீங்க தள்ளிக்கோங்க சார். டீ ஆறுது, குடிங்க. வடை வோணுமா?"

அப்போதுதான் பூர்ணிமா எழுந்து வந்தார். நாற்பது வயதிருக்கும், வங்கியில் வேலை, இந்தக் குழுவோடு பல வருடமாக நடக்கிறவர். வீட்டில் கன்னடம், தமிழ் நன்றாகப் பேசுவார். காலையிலிருந்து எனக்கு நேர் பின்னால்தான் நடந்து வந்தார்.

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்றார் மெதுவாக. "அதான் என்னோட முன்பாக்கெட்ட கழட்டி வீட்லயே வெச்சிட்டேன். பிடிக்கலன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

நான் அவரைப் பார்த்தேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது. கோரமண்டலில் அந்த ஆள் என் வாரை இழுத்தபோதே தெரிந்திருக்கிறது. ஒரு சொல்லைத் தொடங்கினால் அடுத்தது வந்துவிடுகிறது போல.

"அப்ப காலீலயே ஏங்க்கா சொல்லல?"

"நீ ஒண்ணும் சொல்லலியேம்மா."

"நீங்க பெரியவங்க. உங்களுக்கே சொல்ல வரல, எனுக்கு எப்பிடி வரும்?"

அவர் என்னைச் சுற்றி வந்து பையின் பின்பக்கம் பார்த்தார். "இரு. இதுக்கு இடுப்பு பெல்ட் இல்லயா?"

"கீது. உள்ள மடிச்சி சொருகி வெச்சிக்கீறேன். ட்ரெயின்ல மாட்டிக்கும்."

"ஹௌதா, அப்படியா?" என்று அவர் வாயைப் பொத்திக்கொண்டார். சந்தோஷ் சிரிப்பை அடக்க முடியாமல் வடையை மென்றபடி திரும்பிக்கொண்டான். நிஷாந்த் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு தடவை இந்தப் பையை இறுக்கியவர் அவர். எடை முழுக்க இடுப்பில் இறங்க வேண்டிய பை, அதில் இடுப்பு பெல்ட்டே வெளியில் இல்லை. அவர் ஒரு தடவையும் பார்க்கவில்லை. அவர் கண்ணுக்கு நேரே இருந்த வாரைத்தான் இழுத்தார்.

"பெல்ட் இல்லாமயா இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்றார்.

நான் பையைக் கழற்றினேன். அவருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்திருந்தேன்.

பையை பெஞ்சில் கொட்டினோம். இரண்டு பாட்டிலும் மூடிகூடத் திறக்காமல் நிறைந்திருந்தன. பூர்ணிமா அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். பாக்கெட்டில் கை வைத்தால் எல்லோர் கண்ணும் அங்கே வருமே என்று நான் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அதையும் அவரிடம் சொன்னேன். அவர் ஒரு மூடியைத் திறந்து என் கையில் கொடுத்தார். முழுக்கக் குடித்தேன். சரோஜா அக்கா அதே பாட்டிலைக் குடத்திலிருந்து நிரப்பிக் கொடுத்தார். எடை குறைந்தது என்று யாரும் சொல்லக் கூடாது இல்லையா.

பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து, தப்பும் சரியுமாக, அந்தப் பையை முதலிலிருந்து பொருத்தினோம். முதுகுப் பக்கம் தோள்வார்கள் ஒரு பட்டையில் ஒட்டியிருந்தன. பிய்த்து மேலே கீழே மாற்றலாம். பழைய சொந்தக்காரர் உயரமான ஆள் போலிருக்கிறது, மேலேயே வைத்திருந்தார். இரண்டு இடம் கீழே இறக்கினோம். முதல் தடவை வளைந்து போனது, மறுபடி பிய்த்து ஒட்டினோம். இடுப்பு பெல்ட்டை வெளியே எடுத்து, இடுப்பு எலும்பின் மேல் வைத்து இறுக்கினேன். முன்பாக்கெட்டுகள் கொக்கியில்தான் இருந்தன. கழற்றி பெல்ட்டின் இரண்டு பக்கமும் மாட்டினோம். பாட்டில்களை உள்ளே, முதுகை ஒட்டி வைத்தோம். நெஞ்சு வாரை மேலே, காறை எலும்புக்குக் கீழே ஏற்றி, சும்மா தொடுகிற அளவுக்குக் கோத்தேன்.

எழுந்து நின்றேன். தோளில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. பை இடுப்பில் உட்கார்ந்திருந்தது, தண்ணீர்க் குடம் உட்காருவது மாதிரி. மூச்சை இழுத்தேன். முழுக்க வந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது, இவ்வளவு எளிதாக இருந்திருக்கிறதே என்று. அழாமல் நடந்தேன். அன்றைக்கு முதல் தடவையாக நிஷாந்தைத் தாண்டி முன்னால் நடந்தேன்.

சாம்பியன் ரீஃப்ஸிலிருந்து மைசூர் மைன்ஸ் வரை சாலை ஏறி இறங்கும், நிழல் குறைவு. எங்கள் வரிசைக்குள் நுழைந்தபோது சர்ச் முடிந்து எல்லோரும் வாசலில்தான் இருந்தார்கள்.

"யாரு, ரோஸியா அது? இன்னாடி இம்மாம் பெரிய மூட்ட? ஊர வுட்டு ஓடுறியா?"

"ஓடுறவ பட்டப்பகல்ல, அதுவும் பத்துப் பேர கூட்டிக்கினா ஓடுவா?" என்று இன்னொரு வாசலிலிருந்து பதில் வந்தது.

அம்மா மட்டும் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "கனமா கீதா?" என்று கேட்டார்.

"கீது. ஆனா சரியா கீது" என்றேன். நிற்காமல் போனேன்.

பதினொன்றே முக்காலுக்கு மாரிக்குப்பம் ஸ்டேஷன். நிஷாந்த் தராசை எடுத்து நாலு பேர் பையையும் மாட்டினார். சந்தோஷும் இன்னொருவரும் வழியில் எடையைக் கொடுத்துவிட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மூன்றாமவர் பையில் தண்ணீர் தீர்ந்த அளவு குறைந்திருந்தது, அது விதிக்குள்தான். என் பை காலையில் இருந்த எடையில் இருந்தது.

அவர் என்னைத் தனியாக அழைத்தார். ஸ்டேஷன் பெஞ்சு பக்கம். பூர்ணிமா கூடவே வந்து நின்றார்.

"நீங்க நல்லா முடிச்சீங்க. ஆனா எனக்கு ஒரு யோசனை இருக்கு. மலையில வலிய மறைச்சா ஆபத்து. கால் மரத்துப்போச்சு, தலை சுத்துதுன்னு உடனே சொல்லணும். நீங்க ரெண்டு மணி நேரத்துக்கு மேல வாயே திறக்கல. அங்கயும் இப்படி இருந்தீங்கன்னா நான் என்ன பண்றது?"

அவர் சொன்னது சரி. அதுதான் என்னை எல்லாவற்றையும்விடக் கோபப்படுத்தியது. சரியான ஒரு விஷயத்தை வைத்து என் இடத்தை எடுக்கப் பார்த்தார்.

"நீங்க கேக்கவே இல்லியே சார்" என்றேன். இந்தத் தடவை குரல் சத்தமாக வரவில்லை. "ரெண்டு வாட்டி இழுத்தீங்க. ஒரு வாட்டியும் எப்பிடி கீதுன்னு கேக்கல. கேட்டிருந்தாலும் மொதல்ல சொல்லியிருக்க மாட்டேன். ரெண்டாவது வாட்டி கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நான் சொல்லணும்னா நீங்க கேக்கணும். மலைலயும் அப்பிடித்தான்."

அவர் பூர்ணிமாவைப் பார்த்தார். பூர்ணிமா உதவிக்கு வரவில்லை. "என்கிட்டயும் நீங்க கேட்டதில்ல, நிஷாந்த்" என்றார்.

நிஷாந்த் தராசை உள்ளே வைத்துவிட்டு, "சரி. அது என் தப்பு" என்றார். புதன்கிழமை செய்தி வந்தது. இடம் எனக்குத்தான். மே மாதம் கிளம்புகிறோம்.

சந்தோஷமான முடிவு என்று நீங்கள் நினைக்கலாம். அதே நாள் குழுவின் வாட்ஸ்அப்பில் அவர் ஒரு அறிவிப்புப் போட்டார். இனிமேல் பெண்கள் எல்லோரும் பையைப் பூர்ணிமாவிடம் சரிசெய்துகொள்ள வேண்டுமாம். நல்ல எண்ணத்தில்தான் போட்டிருப்பார். படித்ததும் மறுபடி எரிந்தது. பூர்ணிமா வராத நாளில் என்ன செய்வது? கையை நீட்டுவதற்கு முன்னால் "எங்கே உறுத்துகிறது?" என்று கேட்க யாராலும் முடியும். அதையே அந்தக் குழுவில் எழுதினேன். ஏழு பேர் கட்டைவிரல் போட்டார்கள், அதில் ஒன்று அவருடையது.

இனி, வருகிறவர்களுக்கு. கோரமண்டலிலிருந்து மாரிக்குப்பம் வரை நாங்கள் சுற்றி நடந்த வழி ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீட்டர், நிறுத்தங்களோடு நாலரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லா ரயிலும் ஓடாது, முதல்நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். பங்காருபேட்டையிலிருந்து பேருந்தும் ஆட்டோவும் கிடைக்கும். குளிர்காலத்தில், காற்றில்லாத நாளில் வாருங்கள். தண்ணீர் இரண்டு லிட்டர். வீடுகளுக்கு முன்னால் நின்று யாரும் இல்லாத ஊர் என்று பேசாதீர்கள், நாங்கள் இருக்கிறோம்.

பையை வீட்டிலேயே எடை போட்டு மாட்டிப் பாருங்கள். எல்லா வாரையும் தளர்த்திவிட்டு, முதலில் இடுப்பு பெல்ட். அதன் நடுப்பகுதி இடுப்பு எலும்பின் மேல் உட்கார வேண்டும், அதுதான் எடையைத் தாங்குகிறது. பிறகு தோள்வார், தோளைத் தொடுகிற அளவுக்கு மட்டும். தோளுக்கு மேலே பையையும் வாரையும் இணைக்கிற சின்ன வார் இருந்தால் கொஞ்சம் இழுங்கள், பை முதுகோடு சாயும். கடைசியில் நெஞ்சு வார், காறை எலும்புக்கு இரண்டு மூன்று விரல் கீழே, லேசாக. முன்பாக்கெட்டை யார் எங்கே வைக்கச் சொன்னாலும், உங்களுக்கு உறுத்தாத இடம்தான் அதன் இடம். விலாவுக்கு வெளியே தள்ளலாம், பெல்ட்டுக்கு இறக்கலாம், கழற்றி வீட்டில் வைக்கலாம். அதில் போனும் பிஸ்கட்டும் போதும், தண்ணீர் வேண்டாம். ரயிலில் வருகிறவர்கள் மடித்து வைத்த பெல்ட்டை நடக்கும் முன் வெளியே எடுக்க மறக்காதீர்கள். இதைப் படித்துச் சிரிக்கிறவர்கள் ஒரு தடவை எங்கள் காலை ரயிலில் நின்று பாருங்கள்.

மறுநாள் திங்கட்கிழமை. அதே பை, பெல்ட்டை மடித்துச் செருகி, முன்னால் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். பங்காருபேட்டையில் கூட்டம் ஏறியது. பின்னாலிருந்து ஒரு முழங்கை வந்து என் முதுகில் அழுத்தி அங்கேயே நின்றது. எப்போதும் போல இன்னும் கொஞ்சம் பைக்குள் ஒடுங்கலாம் என்று உடம்பு தானாகவே வளைந்தது. வளைந்த பிறகுதான் கவனித்தேன்.

"கைய எடுங்க" என்றேன்.

மறுபடியும் சத்தமாகத்தான் வந்தது. பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கை போய்விட்டது. என் முகம் கொதித்தது, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நின்றேன். ஆனால் டேக்கல் ஸ்டேஷன் வருவதற்குள் எல்லோரும் அவரவர் போனுக்குத் திரும்பிவிட்டார்கள். பார்ப்பது அவ்வளவு நேரம்தான். இத்தனை வருடம் நான் பயந்தது அதற்குத்தான்.